பக்கம் திருப்புறேன்

பவானி ஒரு காதில்தான் இயர்போன் மாட்டுவாள். மற்றக் காது சாலைக்கு. மாட்டுவதற்கு முன் அந்த ரப்பர் குமிழை முந்தானை நுனியில் துடைத்து, உள்ளங்கையில் பொத்திக் கொஞ்சம் சூடேற்றுவாள். பிறகு பதிவை ஓடவிட்டுத் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எல்லாப் பதிவுகளும் சிந்துஜா மூச்சு இழுக்கும் சத்தத்தோடுதான் தொடங்கும். அது கேட்ட பிறகே பவானி தன் மூச்சை விடுவாள்.

சிந்துஜா இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

சிதம்பரத்தில் எம்.ஏ. படித்தபோது இருவருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை. பவானிக்குச் சொந்த ஊர் கீரப்பாளையம், பள்ளிக்கூட நாளிலேயே பார்வை போய்விட்டது. சிந்துஜா அண்ணாகிராமத்து முந்திரித் தோப்புக்காரர் மகள், வாய் ஓயாதவள். பவானிக்கு வேண்டிய புத்தகங்களைப் போனில் படித்துப் பதிவு செய்து தந்தவள் அவள்தான். பக்கம் முடியும்போதெல்லாம் “பக்கம் திருப்புறேன்” என்பாள். நடுவில் முந்திரிப் பருப்பு கடிபடும். “இத எழுதுன ஆளு ஒரு தடவ கூட வாய்விட்டு சொல்லிப் பாத்திருக்க மாட்டான்டி, எனக்கு மூச்சு முட்டுது” என்று திட்டிவிட்டு மேலே போவாள். படிப்பு முடிந்த ஆண்டே டெங்கு அவளைக் கொண்டுபோனது.

பவானி இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டெலிபோன் ஆபரேட்டர். ஊரிலிருந்து பஸ் ஏறி, புவனகிரியில் மாறி, கடலூர் வந்து இறங்கும்வரை சிந்துஜா காதில் பேசிக்கொண்டே வருவாள். எந்த வரியில் இருமுவாள், எந்த வரியில் வெளியே ரயில் ஊதும் என்பதுகூடப் பவானிக்கு மனப்பாடம்.

ஒரு பதிவை மட்டும் அவள் திறந்ததே இல்லை. காய்ச்சலில் படுப்பதற்கு முன் சிந்துஜா கடைசியாக அனுப்பியது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் ஐந்தாவது அத்தியாயம். அதைக் கேட்காதவரை சிந்துஜாவுக்குச் சொல்ல ஏதோ மிச்சமிருக்கிறது. கேட்டுவிட்டால் அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில்தான் முனைவர் பட்ட அறிவிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை, அணுகல் வசதி பற்றி ஆராய்ச்சி செய்ய, உதவித்தொகையோடு ஓர் இடம். பக்கத்து மேசை கிளார்க் இளவரசுதான் படித்துச் சொன்னான்.

“போட்டுடுக்கா. உன் வேலைக்கு மிஷின் வருதுன்னு பேச்சு அடிபடுது. அப்பறம் திரும்ப கீரப்பாளையத்துல போயி குந்திக்கினு இருக்கணும்.”

பார்வையற்ற மாணவர்களுக்குப் புத்தகம் எப்படிக் கிடைக்கிறது, எப்படிக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் பவானி எழுத நினைத்த ஆய்வு. அந்த ஐந்தாவது அத்தியாயம் அதைப் பற்றியதே. புத்தகம் அச்சில் இல்லை. போனில் படம் பிடித்துப் படிக்கவைத்தால் பழைய எழுத்தைப் பார்த்து அது உளறும்.

“லைப்ரரிக்கு நான் போயி படிச்சுத் தரட்டா?” என்றான் இளவரசு.

“நீ பேப்பர் படிச்சாலே ஏலம் விடற மாதிரி இருக்கும்டா.”

“அப்ப செத்துப்போன அந்தப் பொண்ணையே கேட்டுக்க.” சொன்னவனின் நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்சம் கழித்து, “தப்பா எடுத்துக்காதக்கா” என்றான்.

அன்று மாலை ஊர் திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் பவானி அந்தப் பதிவைத் திறந்தாள். மூச்சு. பிறகு குரல். பக்கம் திருப்புறேன், பக்கம் திருப்புறேன் என்று அது ஓடியது. நடுவில் சட்டென்று நின்றது. தாள் முன்னும் பின்னும் உரசியது. தண்ணீர் விழுங்கும் சத்தம். மறுபடி ஆரம்பித்தபோது குரல் மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடி எடுப்பதுபோல வந்தது. வெகுநேரம் பக்கம் திருப்பவே இல்லை. காய்ச்சல் அப்போதே தொடங்கியிருக்கும் என்று பவானி நினைத்துக்கொண்டாள். அங்கேதான் பவானியைப் பிடித்து நிறுத்திய வரி வந்தது: “வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, உள்ளே ஒரு புத்தகமும் வாய் திறக்காவிட்டால், அந்தக் கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.”

“அவ்ளோதான்டி, தூக்கம் வருது” என்று முடித்தாள் சிந்துஜா. பதிவை நிறுத்த மறந்திருந்தாள். அந்த அறையின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. புவனகிரி வந்தும் பவானி இயர்போனைக் கழற்றவில்லை.

அந்த வரியை ஆய்வுத் திட்டத்தின் முகப்பில் மேற்கோளாக வைத்தாள்.

நேர்காணலில் பேராசிரியர் தமிழ்மணி முதலில் கேட்டதே அதைத்தான்.

“இது எங்கருந்து எடுத்தீங்க?”

“அஞ்சாவது அத்தியாயம் சார்.”

“அந்தப் புத்தகம் என்கிட்ட இருக்குதும்மா. ரெண்டு தடவ பாத்துட்டேன். இப்பிடி ஒரு வரி அதுல இல்ல.”

பவானி சிந்துஜாவைப் பற்றிச் சொன்னாள்.

“அப்ப நீங்க படிச்சதெல்லாம்?” அவர் குரலில் கடுமை இல்லை. “எது புத்தகம், எது உங்க சிநேகிதின்னு எப்பிடித் தெரியும்?”

தனியாக இருப்பதாக நினைத்த வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுவது தெரிந்தாற்போல இருந்தது பவானிக்கு. தெரிந்த ஒவ்வொரு சட்டப் பிரிவுக்குப் பின்னாலும் அந்த மூச்சு கேட்டது.

“தெரியாது சார். படிச்சுக் குடுக்கறவங்கள நம்பத்தான் முடியும். நீங்க சந்தேகம் வந்ததும் பொரட்டிப் பாத்துட்டீங்க. அந்த உரிம எனக்கும் வேணும் சார். இதத்தான் ஆராய்ச்சி பண்ணணும்னு வந்தேன். இவ்ளோ தெளிவா எனக்கே இப்பதான் புரியுது.”

யாரோ பேனாவை மேசைமேல் வைத்தார்கள்.

“மேற்கோள எடுத்துடுங்க” என்றார் தமிழ்மணி.

“எழுதுனவங்க பேர மட்டும் மாத்திக்கறேன் சார். சிந்துஜான்னு போட்டுக்கறேன்.”

இடம் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு பவானியால் பதிவுகளைக் கேட்க முடியவில்லை. இன்னும் எங்கெல்லாம் புகுந்து பேசியிருக்கிறாள்? புரட்டிப் பார்க்க முடியாதவளிடம் விளையாடினாளா? இரண்டு காதையும் சாலைக்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்துபோனாள். போனை எடுக்கும்போதெல்லாம் காதுக்குள் அந்த மின்விசிறி சுற்றுவது மட்டும் நின்றபாடில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு ஒருநாள், சிந்துஜா அந்தப் புத்தகத்தை எடுத்துவந்த அதே நூலகத்துக்குப் போனாள். உதவியாளர் அருள்மொழியிடம் ஐந்தாவது அத்தியாயத்தைப் பிரித்துப் பக்க எண்களைச் சொல்லச் சொன்னாள்.

“தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு. அடுத்தது நூத்தி மூணு.”

“நடுவுலக்கா?”

“இல்லம்மா. யாரோ கிழிச்சிருக்காங்க. பழைய கிழிசல், ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருக்கு.”

பவானி புத்தகத்தை வாங்கி அதன் நடு மடிப்பில் விரலை விட்டாள். கிழிபட்ட தாள்களின் அடிக்கட்டைகள் சொரசொரவென்று வரிசையாகத் தட்டுப்பட்டன. சிந்துஜா பக்கம் திருப்பாமலே பேசிக்கொண்டு போன இடம் அதுதான். திருப்புவதற்கு அங்கே பக்கம் இல்லை.