பரீட்சை நேரத்தில் எட்டிப் பார்த்தவள்

அக்னஸ் வீடும் என் வீடும் ஒரே சுவர். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத் தெரு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷன் ரெமிஜியஸ் சிங்கப்பூரில் வெல்டர். மகள் பிரின்ஸி கோயம்புத்தூர் ஹாஸ்டலில். முப்பத்தொன்பது வயதில் இவள் ஆன்லைனில் பி.காம் சேர்ந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"செல்லுல படிச்சா அது பட்டமாடி? என்னையும் சேத்துவிடு, நான் கலெக்டர் ஆயிடுறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "காலேஜ்ல இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்னா முறைப்பாங்கக்கா. இந்த வீடியோ சாரைப் பத்து தடவ சொல்ல வைப்பேன். குழம்பு கொதிச்சா, இருங்க சார்னு நிறுத்திட்டுப் போயிடுவேன்."

அதுவும் நியாயம்தான். ஆனால் அவள் அழுததையும் நான்தான் பார்த்தேன். சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் வர நாலு நாள் ஆகும். வந்த பதிலும் விளங்காது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் கிடையாது. மழை பெய்தால் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்பாள். பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டே டீ கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கடைசிப் பரீட்சையும் வீட்டிலேயேதான். கம்ப்யூட்டர் கேமரா பார்த்துக்கொண்டே இருக்குமாம். வேறு முகம் தெரியக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அன்று காலை தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தவள் என்னிடம் சொல்ல விட்டுவிட்டாள். நான் விடியும் முன்பே நாற்றுப் பறிக்கப் போயிருந்தேன்.

பதினோரு மணிக்குச் சேற்றுக் காலோடு வந்தால் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. எங்கள் தெருவில் பகலில் ஆள் இருக்கும் வீட்டுக் கதவை யாரும் சாத்தமாட்டார்கள். தட்டினேன், பதில் இல்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "அடியே அக்னஸு, என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று அலறினேன். அவள் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கம்ப்யூட்டரில் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னியது.

எல்லாருக்கும் ரிசல்ட் வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. யாரோ உதவியதாகச் சந்தேகமாம், வீடியோவில் விசாரணையாம். அது சரிப்படாவிட்டால் பட்டம் கிடையாது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்!

விசாரணை அன்று நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"நான்தாங்க அந்த மொகம். பேரு அம்சம். எட்டாவதோட நின்னவ. நான் சொல்லிக் குடுத்து எழுதினா இவ பாஸா ஆவா? நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எதுக்கும்மா எட்டிப் பாத்தீங்க?"

"பட்டப்பகல்ல கதவு சாத்திக் கெடந்துச்சுங்க. புருஷன் சிங்கப்பூர்ல, பொண்ணு கோயம்புத்தூர்ல. உள்ள இவளுக்கு ஒண்ணுன்னா நான் பாக்காம யாருங்க பாப்பா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அக்னஸிடம் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி கேட்டார். மடமடவென்று ஐந்துக்கும் சொன்னாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் நான் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். அக்னஸ் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா!"

"அடி என் ராசாத்தி! ரெமிஜியஸுக்குப் போன் போட்டியா?"

"இன்னும் இல்லக்கா. மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்றேன்."

கையெல்லாம் மீன் செதில். அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன்.