கவலைக்கு அஞ்சரை மணி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது மருந்துக்கடையில். அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் என் சீட்டைப் பார்க்காமலே உள்பக்கம் திரும்பி, "அரைமணி வீட்லேந்து வந்திருக்காங்க, அந்தப் பெரியவர் மாத்திரைய எடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"யாருங்க அது அரைமணி?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க வீட்டு பஸ்காரம்மாதான். தப்பா எடுத்துக்காதீங்க. தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவள் என் அண்ணனின் ஒரே மகனுக்கு வாய்த்தவள். முறைப்படி என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். புருஷன் கூப்பிடுவதைக் கேட்டு அத்தை என்று ஆரம்பித்தாள். பதினாலு வருஷமாகத் திருத்தாமல் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் நான் இருக்கிறேன். ஆகவே இந்த அரைமணி எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவள் ஒன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டியா என்று ஏறாமல் நின்றவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவள். அவள் புருஷனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற வேலை. இந்தப் பெயர் வந்த வருஷம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் ஆம்பிளைகள் பகலில் வாசலில் நின்றார்கள். காய்ச்சல் ஒன்று வேறு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அவள் போனில் செய்தி பார்ப்பாள், பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பாள், வெறும் வயிற்றோடு டிப்போவுக்கு ஓடுவாள். சோற்றுப் பாத்திரம் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். நாங்கள் வேலை அலுப்பு என்று நினைத்தோம்.

ஒருநாள் மேம்பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டாள். ஏறியிருந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். நெஞ்சு படபடவென்று அடித்து, கை இரண்டும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு, காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி ஆகிவிட்டதாம். கைப்பிரேக்கை இழுத்தாள், விளக்கை மினுக்கவிட்டாள், அதற்குமேல் முடியவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். வேறு டிரைவர் வந்துதான் வண்டியை இறக்கினார்.

டிப்போ மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் கண்டிப்பு. "ஆறு வாரம் லீவு எடுத்துக்கோம்மா. ஆறு வாரம் கழிச்சு நான் பக்கத்துல உட்காருவேன். பாலத்து மேல ஏறி இறங்கிக் காட்டு. முடியலைன்னா ஷெட்ல வண்டி கழுவற வேலை இருக்கு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சுகாதார நிலையத்து நர்சம்மாதான் அவளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளும் இவள் வயசுதான். மாத்திரையோடு சில வேலைகளும் சொல்லிக் கொடுத்தாள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. மத்தியானம் வரைக்கும் போனில் செய்தி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பாடு. தினம் ஒரு நடை. கடைசியாக ஒன்று சொன்னாளாம், அதைக் கேட்டு என் அண்ணன் சிரித்தே விட்டார். கவலைப்படுவதற்கென்று ஒருநாளைக்கு அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், இப்போ இல்லை, அப்புறம் வா என்று சொல்லி ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும்.

இவள் சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஆறு என்று வைத்துக்கொண்டாள். சமையலறை மேசை, ஒரு நோட்டு, அலாரம் கடிகாரம். நாளைக்கு ஏதாவது செய்ய முடிகிற கவலை நோட்டில் ஒரு பக்கம், செய்ய ஒன்றுமில்லாதது எதிர்ப்பக்கம். அலாரம் அடித்தால் நோட்டை மூடிவிட்டு வெங்காயம் உரிக்க எழுந்துவிடுவாள்.

பக்கத்து வீட்டு அட்டைப்பெட்டி வியாபாரி சுவர் வழியாக எட்டிப் பார்ப்பார். "என்னம்மா, ஆபீஸ் திறந்தாச்சா? என் கவலையையும் ரெண்டு எழுதிக்கோயேன்."

"உங்களுக்கு அரைமணி பத்தாதுண்ணே. தனி நோட்டு போடணும்" என்பாள் இவள். அப்படித்தான் தெருவில் பெயர் பரவியது.

நாலாவது வாரத்தில் முகம் தெளிந்தது. சாப்பாட்டுத் தட்டு காலியாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் மட்டும் இருந்தது: எங்கே மறுபடி குலைந்துவிடுவாளோ என்று. அதனால் நான்தான் ஒரு சட்டம் போட்டேன். நர்சம்மா சொல்லாத சட்டம். யாருக்கு எந்தக் கஷ்டமானாலும் அஞ்சரைக்குத்தான் அவளிடம் வாய் திறக்க வேண்டும். குழாய் ஒழுகுகிறதா, அஞ்சரை. புருஷனுக்குப் போன இடத்தில் வேலை இல்லை என்றார்களா, அஞ்சரை. சொன்னபடியே எல்லோரும் நடந்துகொண்டோம்.

மேனேஜர் சொன்ன நாளுக்கு முந்தின நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ரெண்டரை இருக்கும். அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இடது கை ஒரு மாதிரி மரத்துப்போன மாதிரி இருக்குடி."

"கைய மடிச்சுத் தூங்கியிருப்பீங்க."

"மருமககிட்ட சொல்லட்டுமா?"

அவள் அப்போது கூடத்தில் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அவ வண்டி ஓட்டிக் காட்டணும். இப்பப் போய்க் கலைக்காதீங்க. அஞ்சரைக்குச் சொல்லிக்கலாம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிநேரம்.

அஞ்சரைக்கு அவள் நோட்டைத் திறந்தாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னையும் எழுதிக்கோம்மா" என்றார். வார்த்தை வழுக்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். "ரெண்டு கையையும் தூக்குங்க மாமா." இடது கை பாதியில் விழுந்தது. "எப்போலேந்து?"

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், ரெண்டரையிலிருந்து என்று.

அவள் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். இரண்டு வண்டியும் வெளியே போயிருக்கின்றன, முக்கால் மணியாகும், வேறு வண்டி கிடைத்தால் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். அட்டைப்பெட்டிக்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி வேன் சாவியைச் சுவர்மேல் நீட்டினாள். அண்ணன் மகனுக்கு சைக்கிளுக்கு மேல் ஒன்றும் ஓட்டத் தெரியாது. அவனைப் பின்னால் பெட்டிகளோடு ஏற்றினாள். முன்சீட்டில் அண்ணன் நடுவில், நான் ஓரத்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்குப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றுவழி இருபத்தைந்து நிமிஷம் அதிகம். பாலம் கண்ணில் பட்டதுமே அவள் விரல்கள் வெளுத்ததைப் பார்த்தேன். கழுத்தில் நரம்பு துடித்தது. வேன் மெதுவாயிற்று. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சு போதும் என்றிருந்தது.

"மாமா, விளக்குக் கம்பத்த எண்ணுங்க. சத்தமா" என்றாள்.

"எ... எதுக்கு?"

"நீங்க எண்ணுங்க. நாலு வரைக்கும் இழுக்கறேன், அடுத்த ஆறுக்கு விடறேன்."

அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, ரெண்டு. நாக்கு குழறி, ஏழுக்கப்புறம் எட்டு வரவே இல்லை. "மாமா, எட்டு எங்க?" என்றாள். அவருக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. "நீ ரோட்டப் பாரு" என்றார். பாலத்து உச்சியில் அவள் உடம்பு முழுக்க ஆடியது. கால் மட்டும் ஆடவில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்து, மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் அந்த ஊசியைப் போட்டிருக்க முடியாது என்றார். உயிர் தங்கியது. இடது கை முழுதாக வரவில்லை.

மறுநாள் டிப்போவுக்கு அவள் போகவில்லை. மேனேஜர் பத்து நாள் தள்ளி வைத்தார். வேன் ஓட்டியதைச் சொன்னதற்கு, "அது வேன், இது பஸ்" என்றார். வீட்டில் அவள் நோட்டைத் தொடவில்லை, மூச்சை எண்ணவில்லை. தட்டில் சோறு மறுபடி மிஞ்சியது. என்னோடும் பேசவில்லை. நாலாம் நாள் நானே சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் நர்சம்மாவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்கே வந்தாள். "கவலையத்தான் காத்திருக்கச் சொன்னேன். உடம்புக்கு வந்தா யாரு, எந்த நேரம்னு பார்க்காம சொல்லணும். இதை முதல்லயே சொல்லாதது என் தப்பு" என்றாள். பிறகு மேசைக்குமேல் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டினாள்: கை மரத்துப்போனால், நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், உடனே.

அன்று சாயங்காலம் இவள் நோட்டைத் திறந்து, முதல் வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "அத்தை மேல கோபம்." எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தாள். நாளைக்குச் செய்ய முடிகிற பக்கத்தில் எழுதினாள். மறுநாள் காலையில் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

பத்தாம் நாள் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தின் அடியில் வண்டியை ஓரங்கட்டினாள். "ரெண்டு நிமிஷம் சார்" என்று கேட்டு மூச்சு விட்டாள். பிறகு ஏற்றினாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டாராம். மறுவாரம் சீருடையை இஸ்திரி போட்டாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் புருஷன் செருப்புக் கடையில் இருக்கிறான். அண்ணன் வலது கையாலேயே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். அவள் காலை ஆறு மணி பஸ்ஸை ஓட்டுகிறாள், பாலத்து வழியாக, தினமும் நாலு தடவை.