சுக்கினியின் முதல் காய்

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன மகள், முதல் லீவில் வந்தபோது ஒரு பொட்டலம் விதை கொண்டுவந்தாள். சுக்கினியாம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கடையில் வாங்காமல், பாட்டன் காலத்திலிருந்து தங்கள் தோட்டத்திலேயே எடுத்து வைக்கும் விதை. பூசணி ஜாதிதான், போட்டுப் பார் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

ஐப்பசியில் சித்தூர் வீட்டுக் கொல்லையில் ஊன்றினேன். பூசணி ஜாதி என்றால் கொடிதானே என்று என் வீட்டுக்காரர் சவுக்குக் கழி வாங்கிவந்து பந்தலே போட்டுவிட்டார். பங்காருபாளையத்து மாந்தோப்பில் வளர்ந்தவர். அவரிடம் யார் பேசுவது? செடியோ மேலே ஏறாமல், இருந்த இடத்திலேயே இலையை விரித்து உட்கார்ந்துகொண்டது. பந்தலில் நான் துணி காயப்போட்டேன்.

கார்த்திகையில் முதல் காய் விட்டது. விதை கொடுத்தவருக்கே முதல் காய் என்பது எங்கள் வழக்கம். பொங்கலுக்கு வருகிறேன், மலைக்குப் போய்ப் பெருமாளைப் பார்க்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். வரட்டும், பார்த்து வாய் பிளக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் காயைப் பற்றி மூச்சே விடவில்லை. காய் கைக்குழந்தை அளவுக்குப் பருத்தது. அடுத்து வந்த பிஞ்சுகள் எல்லாம் வெம்பி உதிர்ந்தன. கண் பட்டுவிட்டது என்று எதிர்வீட்டுக்காரியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவள்.

போகிக்கு முந்தின வாரம் போன் வந்தது. விசா சிக்கலாம், இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குன்னு ஒரு காயப் பறிக்காம காத்துக்கினு கீறேன்டி" என்றேன்.

எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். சொன்னேன்.

"ஒரு சாண் இருக்கச்சொல்லவே பறிச்சித் துன்னணும்மா. ஒண்ண முத்த வுட்டா செடி அதோட நின்னுபூடும். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம்தான். வாராவாரம் பேசினோம், சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பொங்கலன்று காயை அறுத்தோம். உள்ளே நாரும் விதையும்தான். விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். அதிலிருந்துதான் வருஷா வருஷம் போடுகிறேன். பிஞ்சிலேயே பறித்தால் கூடை கூடையாகக் காய்க்கும் என்று இப்போது தெரியும். வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்துவிட்டார். ஆனாலும் முதல் காயில் கை வைக்க மனசு வருவதில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்றுதான் அவள் இந்த வருஷமும் சொல்லியிருக்கிறாள்.