மச்சினியின் தேர்தலும் முந்திக் கொதித்த மொஹிங்காவும்

என் மச்சினி பர்மாவில், இதே தாமுவேயில் பிறந்தவள். தாதி வேலைக்காக அமெரிக்கா போனாள். பனி கொட்டும் ஒரு மாநிலத்தில் குடியேறி, ஊர்ச்சனம் பழகி, கடைசியில் அந்த மாநிலச் சட்டசபைக்கே நின்றுவிட்டாள். எதிரே நின்றவர் மூன்று முறை ஜெயித்தவர். "யானை காதுல எறும்பு போற கதைதான் அத்தான்" என்று போனில் சிரித்தாள்.

அவளுடைய அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, சிரிப்பு வரவில்லை. தங்கை ஜெயித்தால் தெரு முழுக்க மொஹிங்கா போடுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மீன் குழம்பை அரிசிச் சேமியா மேல் ஊற்றித் தரும் அந்தச் சாப்பாடு இல்லாமல் எங்கள் ஊரில் நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது.

அங்கே ராத்திரி ஓட்டு எண்ணும்போது இங்கே மறுநாள் காலை. பத்து மணிக்கு மச்சினியிடமிருந்து செய்தி வந்தது: "அறுபது ஓட்டு முன்னால இருக்கேன்." என் மனைவிக்கு அது போதும். கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தாள். செய்தியை முழுசாய் வாசித்தேனோ இல்லையோ, அண்டா அடுப்பில் ஏறிவிட்டது.

மதியம் வாசலில் வரிசை நிற்கும்போது மச்சினியே கூப்பிட்டாள். "அக்கா, தபால் ஓட்டு இன்னும் எண்ணுறாங்க. இப்ப இருபத்திரண்டுதான்."

"ஐயையோ! நீ ஜெயிச்சுட்டேன்னு சொன்னியேடி?"

"முன்னால இருக்கேன்னுதான சொன்னேன்!"

"அவசரத்துல அண்டாவுக்குள்ள கை போகாதும்பாங்க" என்றேன் நான். "உன் அவசரத்துக்கு அண்டாவே அடுப்புல ஏறிடுச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் குழம்பு இன்னொரு கொதி கொதித்திருக்கும். அடுப்பை அணைக்கப் போனவளை எதிர்வீட்டு பர்மியம்மா, கிண்ணமும் கையுமாக, தடுத்துவிட்டார். "அணைக்காதே. ஜெயிச்சா சந்தோஷத்துக்கு, தோத்தா ஆறுதலுக்கு. மொஹிங்காவுக்கு என்ன தெரியும்?" என்று பர்மியில் சொன்னார்.

அப்புறம் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி. "இப்ப எத்தனை?" பதினொன்று. "இப்ப?" ஐந்து. அண்டா அடி தெரிந்தபோது மச்சினி இரண்டு ஓட்டு பின்னால் இருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் முடிந்ததால் எல்லாவற்றையும் கையால் மறுபடி எண்ணுவார்களாம். இரண்டு வாரம் ஆகுமாம்.

பக்கத்துக் கடைக்காரர் என்னை எப்போதும் 'ஊலே' என்பார். பர்மியில் சித்தப்பா மாதிரி. "ஊலே, ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, ரெண்டு கட்சிக்காரங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டா எண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இங்கயும் அதைப் பார்த்தா நல்லா இருக்கும்" என்றார்.

அந்த இரண்டு வாரமும் என் மனைவிக்கு ஒரே கவலை. "ஜெயிச்சா போடுறேன்னு சொல்லிட்டு முன்னாடியே போட்டுட்டேனே. இனி சாமிக்கு என்ன அவசரம்?"

"முன்பணம் வாங்கினவங்க சரக்கைக் கொடுத்துத்தானே ஆகணும்" என்றேன்.

"வாயைக் கழுவுங்க!"

ஒரு காலையில் போன் அடித்தது. "அக்கா, நாலு ஓட்டு!"

"முன்னாலயா பின்னாலயா, அதைச் சொல்லுடி முதல்ல!"

"முன்னால! முடிவுல அதிகாரிங்க கையெழுத்தும் போட்டுட்டாங்க."

"போட்டாச்சா? மாறாதே? சத்தியமா மாறாதே?" மூன்று தடவை கேட்டபிறகுதான் அவள் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் உரித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

"எதிர்த்து நின்ன மனுஷனே போன் பண்ணினார் அக்கா. வாழ்த்துச் சொன்னார். குரல் கம்மிப் போயிருந்துச்சு" என்றாள் மச்சினி.

என் மனைவி சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அவருக்குப் பொண்டாட்டி இருக்காளாடி?"

"இருக்காங்க. ஏன்?"

"அவ என்னத்தைச் சமைச்சு வச்சிருந்தாளோ, பாவம்."