அம்மாவின் படத்தில் மூக்குத்தி இல்லை

அம்மாவின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு வந்த மாசி மாதம், அக்கா நேரு வீதி ஸ்டுடியோ ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் எடுத்த கறுப்புவெள்ளைப் படம். கடற்காற்றின் ஈரத்தில் அது ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பூஞ்சை பிடித்து முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். சென்ற ஆடியில் அம்மாவின் திதி நெருங்கியபோது, "நான் சுத்தம் பண்ணித் தரேங்க்கா" என்று வாங்கிவந்தேன். பொறியியல் கல்லூரியில் இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொடுப்பதே படங்களைக் கணினியில் சீராக்குகிற வேலைதான்.

கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். புள்ளிகளை நீக்க மீடியன் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. ஒரு புள்ளி தன்னைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து தனித்து மின்னினால், அதை எடுத்துவிட்டு அக்கம்பக்கத்தின் நடுவாந்தர நிறத்தை அங்கே வைத்துவிடும். கவனமில்லாவிட்டால் நல்ல விவரமும் சேர்ந்து போய்விடும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் எச்சரிப்பவன் நான். பூஞ்சைப் புள்ளிகள் சற்றுப் பெரியவை என்பதால் ஃபில்டரின் அளவைக் கூட்டினேன். கன்னமும் நெற்றியும் வழவழவென்று வந்தன. பெரிதாக அச்சிட்டு, தேக்கு ஃபிரேம் போட்டு, வழக்கம்போல் பின்புறம் தேதியும் எழுதினேன்.

திதியன்று முதலியார்பேட்டையில் அக்கா வீட்டில், பழைய படத்தை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, புதுப்படத்தை நானே மாட்டி மாலை போட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நாற்காலியில் உட்கார்ந்தபடி படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பதாண்டா உங்கம்மா லட்சணமா இருக்கா. அன்னிக்கே நான் சொன்னதக் கேட்டிருந்தா ஊர் வாயில விழுந்திருப்பாளா?"

எனக்கு விளங்கவில்லை. வடைத் தட்டோடு வந்த அக்காவுக்கு விளங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டுப் படத்தின் அருகே போனாள்.

"மூக்குத்தி எங்கடா?"

அப்பாவின் கருமாதியன்று, அம்மாவைத் தாலியோடு மூக்குத்தியையும் கழற்றச் சொன்னவள் இதே அத்தை. "அது அம்மாவோட அப்பா போட்டது. எங்கப்பாவா வாங்கிக் குடுத்தாரு, அவரோட போறதுக்கு?" என்று அக்கா எல்லோர் முன்னிலையிலும் சண்டை போட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து விடுப்பில் வந்திருந்த நான் பந்தல் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா தனியாகவே ஜெயித்தாள். அம்மாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனதே அந்த ஒற்றைக்கல் மூக்குத்தி படத்தில் விழ வேண்டும் என்பதற்காகத்தான்.

"வேணும்னு பண்ணலக்கா. கம்ப்யூட்டர் அத அழுக்குன்னு எடுத்துடுச்சி. வீட்டுக்குப் போனதும் திரும்பக் கொண்டுவந்துடுவேன்."

"கம்ப்யூட்டர் எடுத்துச்சி சரி. நீ பாக்கல?"

நான் பார்த்தது புள்ளி போய்விட்டதா என்று மட்டும்தான்.

"அன்னிக்கும் நீ வேணும்னு ஒண்ணும் பண்ணல" என்றாள் அக்கா. "சும்மாதான் நின்ன."

"ஒரு பொட்டுக் கல்லுக்கு இவ்ளோ ரகளையா?" என்றாள் அத்தை.

"ஒனக்கு வடை வேணுமா வேணாமா அத்த?"

அத்தை தட்டை இழுத்துக்கொண்டாள். அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, புதுப்படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பழைய படத்தைத் துடைத்து மாட்டி, மாலையை அதற்குப் போட்டாள்.

அன்றே வீட்டில் ஸ்கேனைத் திறந்தேன். ஃபில்டரை விட்டுவிட்டு ஒவ்வொரு புள்ளியாகக் கையால் நீக்கினேன். மூக்கை நான் தொடவில்லை. கல் பளிச்சென்று நின்றது. அச்சும் போட்டாயிற்று. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போக எனக்குத் தைப் பொங்கல்வரை மனம் வரவில்லை.

பொங்கலன்று அந்த அச்சைப் பையில் வைத்துக்கொண்டு போனபோது பழைய படத்தில் பூஞ்சை கூடியிருந்தது. புள்ளிகள் ஒன்றுகூடித் திட்டாகி உதட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த மழைக்காலத்துக்குள் மூக்கைப் பிடித்துவிடும். எது பூஞ்சை, எது கல் என்று கிட்டப் போய்த்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"என்னடா பாக்கற? பையில என்ன, அட்டை மாதிரி?"

அம்மா அன்று என்னைப் பார்த்ததுபோல அவளும் பார்த்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் வாய்வரைக்கும் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.