வரதன் சார் அடிக்கச் சொன்ன நம்பர்

பொழிச்சலூரில் வரதன் சார் போய்விட்டார் என்று எதிர்வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்தது. சொன்னவர் பட்டறையில் ரம்பத்தில் ராடு அறுத்த கணேசன். இரங்கல் கூட்டத்தில் நானும் பேச வேண்டுமாம். பேச வராது, எழுதித் தருகிறேன், நீயே படி என்றேன். “இன்னா இருந்தாலும் செத்துப்போனவரு. நல்லதா நாலு வார்த்தை எழுதுண்ணா,” என்றார். பல்லாவரம் பட்டறையில் வரதன் சாரோடு வேலை பார்த்தவர்களே, எனக்கு அழுகை வரவில்லை. வரவழைக்கப்போவதும் இல்லை.

அவர் மேனேஜர், நான் ஸ்டோர்ஸ். கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளின் வால்வுகளுக்குத் தண்டு கடைந்து கொடுத்தோம். உப்புத்தண்ணீர் அரிக்காத மோனல் என்ற உலோகம். பார்வைக்கு அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரதன் சார் சாணைக்கல்லில் வைத்தே சொல்லிவிடுவார். “மோனல் பொறி விடாதுய்யா. ஸ்டீலுதான் மத்தாப்பு கொளுத்தும்,” என்பார். அந்த வித்தையில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் விஷம். ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ ஸ்டோர்ஸு’தான்.

ராடின் ஒரு முனையில் மட்டுமே, அது எந்த உலோகம் என்று காட்டும் நம்பர் அடித்திருக்கும். அறுக்கும் முன் மீதித் துண்டிலும் அதை அடித்துவிட வேண்டும். ஒரு வியாழக்கிழமை கணேசன் அதை மறந்து நம்பர் முனையையே அறுத்துவிட்டார். யாருக்கும் வரக்கூடிய மறதிதான். மீதி ராடு போய் ஸ்டீல் ராடுகளோடு கலந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் தெருவை அடைக்குமுன் லாரி கிளம்பியாக வேண்டும். இன்னும் இரண்டு தண்டு பாக்கி. வரதன் சார் ஒரு ராடைத் தூக்கிக்கொண்டு சாணைக்கல் இருந்த பின்பக்கம் போனார். திரும்பி வந்து, “இதான். நம்பரை அடி,” என்றார். கல்லில் வைத்துப் பார்த்தீர்களா சார் என்று கேட்டேன். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று எரிந்து விழுந்தார். அடித்தேன். அடித்த கை என்னுடையது, ரிஜிஸ்தரில் கையெழுத்தும் என்னுடையது.

வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு ஸ்டீல் என்றார். கடலுக்குப் போகாமல் பிடிபட்டது நல்லகாலம். உங்களையெல்லாம் நிற்கவைத்து அவர் சொன்னது ஞாபகம் இருக்கும்: “ஸ்டோர்ஸு மாத்தி அடிச்சிட்டான். எனக்கு ஒண்ணும் தெரியாது.” அன்றே என்னை வெளியே அனுப்பினார்கள். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை எங்கே வேலை கேட்டுப் போனாலும் அந்தக் கெட்ட பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கடையில் ஆணி நிறுத்துப் போடும் வேலை கிடைத்தது.

போன வருஷம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். காபியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அன்னிக்குக் கல்லுல வச்சுப் பாத்தேன்ப்பா. பொறி வந்துச்சு.”

அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டார் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இதைப் பட்டறைக்காரர்கள் முன்னால் சொல்லுங்கள் சார், அது போதும் என்றேன். யோசிக்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். யோசித்து முடிக்கவே இல்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு பேச்சுதான். கணேசா, இங்கே நிறுத்தாதே, சத்தமாகப் படி. வரதன் சார் பொறியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் என்னை அடிக்கச் சொன்னார்.

என் பெயர் தங்கவேலு.