ஐந்து கோட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

நகராட்சி ஆவணக் காப்பகத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். நகரம் பிறந்த காலத்துப் படங்களெல்லாம் கண்ணாடித் தகடுகளில் இருந்தன. அவற்றைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு தகடுகூட உடைத்ததில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். இந்த வேலைக்கு வருமுன் எட்டு வருடம் தையல் கம்பெனியில் பித்தானுக்குக் காஜா எடுத்தவள். யாரைப் பார்த்தாலும் முதலில் பித்தான், பிறகுதான் முகம்.

அவள் பிறந்து வளர்ந்த தெரு தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் இருந்தது. ஆக்கிரமிப்பு, காலி செய்யவும் என்று அந்தத் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. ஆதாரம், தொட்டித் திறப்பு விழாப் படம். கோட்டுப் போட்ட ஐந்து பெரிய மனிதர்கள், பின்னால் வட்டத் தொட்டி, வலப்பக்கம் வரிசையாக வீடுகள், இடப்பக்கம் வெறும் பொட்டல். நகர வரலாற்றுப் புத்தகத்தின் எல்லாப் பதிப்பிலும் வந்த படம்.

"நீ பாதுகாத்த படமே நமக்கு ஆப்பு வச்சிடுச்சே" என்றான் அண்ணன், பாத்திரங்களை மூட்டை கட்டியபடி. அவளுக்குச் சுருக்கென்றது.

நூற்றாண்டுக் கண்காட்சிக்காக அதே படத்தை ஆளுயரத்துக்கு அச்சிடும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. வயிற்றெரிச்சலோடு புத்தகப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். ஐந்து கோட்டிலும் வலது மடிப்பு மேலே இருந்தது. ஆண்கள் உடையில் இடது மடிப்பல்லவா மேலே வரும்? காஜா எடுத்த கை பரபரத்தது.

ஓடிப்போய் மூலத் தகட்டை எடுத்தாள். மருந்து பூசிய பக்கம் மங்கல், மறுபக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் தாளில் படிய வைத்தால்தான் படம் இடம் வலம் மாறாமல் விழும். அந்தக் காலத்தில் எவனோ பக்கம் மாற்றி வைத்து அச்சுப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்தே இத்தனை வருடமும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி வட்டமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நகராட்சி அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"புத்தகமே வந்தாச்சு. வம்பு பண்ணாம உள்ளது உள்ளபடி போடும்மா."

"அப்படியே போட்டுடறேன் சார்."

சொன்ன சொல் மாறவில்லை. உள்ளது உள்ளபடியே போட்டாள்.

திறப்பு நாளன்று நகராட்சி ஆபீஸ் கூடத்தில் நல்ல கூட்டம். அவள் தெருவே திரண்டு வந்திருந்தது. திரை விலகியதும் அதிகாரிக்கு முகம் சிவந்தது. வீடுகள் இடப்பக்கம் வந்திருந்தன.

"யாரைக் கேட்டு படத்தைத் திருப்புன? வேலை வேணுமா, வேணாமா?"

"வேலையும் வேணும், வீடும் வேணும் சார். புத்தகத்துல இருக்கறதுதான் சரின்னா, அந்த அஞ்சு பெரிய மனுஷங்களும் விழாவுக்குப் பொம்பளைச் சட்டையா மாட்டிக்கிட்டு வந்தாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆண்களெல்லாம் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்தார்கள். அதிகாரியின் கையும் அவர் பித்தானுக்குப் போனது.

"வீடு தெரியுதே, அது எங்க தெரு. வலப்பக்கம் பொட்டலா கிடக்கே, அது நாம இப்ப நிக்கிற இந்த ஆபீஸ். யாரு ஆக்கிரமிப்புன்னு பாத்து நோட்டீஸை மாத்தி எழுதுங்க சார்."

படத்தை இறக்க ஏணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார் அதிகாரி. ஒருவரும் அசையவில்லை. அண்ணன் மட்டும் வாசலைப் பார்த்து நடந்தான்.

"எங்கண்ணே கிளம்பிட்டே?"

"மூட்டையைப் பிரிக்க."